அந்தரத்தில் மிதந்த கை

(வாசகர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



காமிக்ஸ் பற்றிப் பேச வாருங்கள் என்று நண்பர்கள் அழைத்தபோது, எங்கே தொடங்குவது என்ற குழப்பம் எனக்கு வரவே இல்லை. ஒரு கையில்தான் தொடங்க வேண்டும். உடம்பில்லாமல் தனியாக அந்தரத்தில் மிதக்கும் ஓர் இரும்புக் கை.

எனக்கு அப்போது பத்து வயது. கோவில்பட்டியில் எங்கள் தெரு முனையில் பழைய புத்தகம் வாங்கி விற்கும் கடை ஒன்று இருந்தது. காசு கொடுத்து வாங்க முடியாதவர்கள் கடை வாசலில் உட்கார்ந்து படித்துவிட்டுக் கொடுக்கலாம், ஒரு புத்தகத்துக்குப் பத்துப் பைசா. கடைக்கார அண்ணாச்சிக்கு ஒரே ஒரு நிபந்தனை உண்டு. "ஏலே தம்பி, நாக்குல எச்சி தொட்டுப் புரட்டாத" என்பார். அங்கேதான் இரும்புக்கை மாயாவியை முதன்முதலாகப் பார்த்தேன்.

அந்தப் பக்கம் இன்றும் என் கண்ணில் நிற்கிறது. ஆய்வுக்கூடம். வெடிப்பு. மின்சாரம் பாய்கிறது. புகை கலையும்போது அங்கே நின்ற மனிதனைக் காணோம். அவன் கையில் பொருத்தியிருந்த இரும்புக் கை மட்டும், விரல்களை விரித்தபடி, வெற்று வெளியில் தொங்குகிறது. எனக்கு நெஞ்சு அடைத்துக்கொண்டது. எங்கள் வீட்டில் கழிவறை கொல்லைப்புறத்தில் இருந்தது. அன்று இரவு அம்மாவை எழுப்பித் துணைக்கு அழைத்துக்கொண்டுதான் போனேன். மறுநாள் பள்ளி விட்டதும் எங்கே ஓடினேன் என்று நினைக்கிறீர்கள்? அதே கடைக்கு, அதே புத்தகத்துக்கு.

என் பேச்சு முழுவதும் இந்த ஒரு நாளைச் சுற்றியே போகும். இரவில் எதற்குப் பயந்தேனோ, மறுநாள் அதைத் தேடியே ஓடினேன். எனக்குத் திகில் கதையும் சூப்பர் ஹீரோ கதையும் ஒன்றாகவே அறிமுகமாயின. பிறகு நாற்பது ஆண்டுகள் இந்த இரண்டையும் தேடித் தேடிப் படித்ததில் எனக்குத் தெரிந்தது இதுதான்: இவை இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். பெரியவர்களும் அரசுகளும் இவற்றைத் தெருவில் தூக்கிப் போட்ட காலத்தில் எடுத்து வளர்த்தவர்கள் ரசிகர்கள்.

மாயாவியின் பிறப்பு பலருக்கு மறந்திருக்கும். லண்டனில் வெளிவந்த 'வேலியண்ட்' என்ற வாரப் பத்திரிகையில் 1962 அக்டோபரில் தொடங்கிய தொடர் அது. ஆங்கிலப் பெயரை நேராகத் தமிழாக்கினால் எஃகு நகம் என்று வரும். முதலில் எழுதியவர் கென் புல்மர், பிறகு தொடர்ந்தவர் டாம் டல்லி. வரைந்தவர் பார்சிலோனாக்காரர் ஹெசூஸ் பிளாஸ்கோ. நாயகன் பெயர் லூயிஸ் கிராண்டெல், ஆய்வுக்கூட உதவியாளன். விபத்தில் வலது கையை இழந்து இரும்புக் கை பொருத்திக்கொண்டவன். உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் கண்ணுக்கு மறைந்துவிடுவான், கை மட்டும் தெரியும். தன் சக்தி தெரிந்ததும் அவன் முதலில் இறங்கியது நல்ல காரியத்தில் இல்லை. புத்தி பேதலித்துத் திருடினான், ஊரை நடுங்க வைத்தான். பிறகே திருந்தி, நிழற்படை என்ற உளவு அமைப்பில் சேர்ந்து, நாம் கைதட்டிய மாயாவி ஆனான். 1972-ல் முத்து காமிக்ஸ் தொடங்கியபோது முதல் இதழிலேயே தமிழுக்கு வந்தவன் இவன்தான்.

பிளாஸ்கோவின் படத்தைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பாருங்கள். அவர் பக்கத்தில் பாதிக்கு மேல் மைதான். சுவரில் விழும் நிழல், தூணுக்குப் பின்னால் இருட்டு, ஈரத் தெருவில் விளக்கு வெளிச்சம். அந்த இருட்டின் நடுவே கை மட்டும் பளபளக்கும். மணிக்கட்டோடு முடிந்துபோகும் அந்தக் கை கதவைத் திறக்கும், பெட்டியைத் தூக்கும், கழுத்தைப் பிடிக்கும். மிச்ச உடம்பை நாமே மனத்தில் வரைந்துகொள்ள வேண்டும். படிப்பவனின் கற்பனையைக் கூலியில்லாமல் வேலை வாங்கும் சித்திரம் அது. அட்டையில் சாகசம் என்று இருந்தாலும், உள்ளே இருந்தது திகில்.

இப்படி ஒருவன் பிரிட்டிஷ் சிறுவர் பத்திரிகையில் நாயகனாக வந்ததற்கு ஒரு பின்கதை உண்டு. அதற்கு நாம் அட்லாண்டிக்கைக் கடந்து அமெரிக்காவுக்குப் போக வேண்டும்.

1933. கிளீவ்லாந்து நகரம். பொருளாதாரப் பெருமந்தம் உச்சத்தில் இருந்த நேரம். இலவச ரொட்டிக்கு மனிதர்கள் வரிசையில் நின்ற நாட்கள். ஜெர்ரி சீகல் என்ற பள்ளி மாணவன், ஜோ ஷஸ்டர் என்ற நண்பனோடு சேர்ந்து சொந்தமாக ஒரு சிறு பத்திரிகை நடத்தினான். படி எடுக்கும் இயந்திரத்தில் அச்சடித்த, ரசிகன் ரசிகர்களுக்காகப் போட்ட பத்திரிகை. அதன் ஜனவரி இதழில் ஒரு கதை எழுதினான். ரொட்டி வரிசையில் நின்ற ஓர் ஏழையை விஞ்ஞானி ஒருவன் பிடித்துப்போய்ச் சோதனை செய்கிறான். அந்த ஏழைக்குப் பிறர் மனத்தைப் படிக்கும் சக்தி வந்துவிடுகிறது. உலகையே ஆட்டிவைக்கக் கிளம்புகிறான். மொட்டைத் தலையோடு விகாரமாக வரையப்பட்ட அந்தக் கெட்டவனின் பெயர் என்ன தெரியுமா? சூப்பர்மேன்.

ஆம், சூப்பர்மேன் முதலில் ஒரு திகில் கதையின் வில்லன். ஐந்து ஆண்டுகள் கழித்து, 1938-ல் 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழில் அவன் காரைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நல்லவனாக வந்தான். வில்லன் கதை வெளிவரும் முன்பே, 1932-ல், சீகலின் தந்தை, தம் துணிக்கடையில் திருட வந்தவர்களால் நேர்ந்த அதிர்ச்சியில் மாரடைத்து இறந்துபோயிருந்தார். அந்த மரணத்துக்கும் குண்டு துளைக்காத மனிதனுக்கும் முடிச்சுப் போட்டுப் பலர் எழுதியிருக்கிறார்கள். அடுத்தவர் நெஞ்சுக்குள் புகுந்து பார்த்ததுபோல் நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஆனால் பயத்தை அறியாத பையன் ஒருவன் சூப்பர்மேனைப் படைத்திருக்க முடியாது என்பதை மட்டும் நான் நம்புகிறேன். அந்தப் படைப்பின் மொத்த உரிமையையும் பதிப்பகத்துக்கு விற்றபோது இருவருக்கும் சேர்த்துக் கிடைத்தது 130 டாலர். சீகலை மறந்துவிடாதீர்கள், கடைசியில் அவரிடம் திரும்பி வருவோம்.

உலகப் போர் முடிந்ததும் சூப்பர் ஹீரோக்களின் மவுசு குறைந்தது. அந்த இடத்தைத் திகில் பிடித்தது. திகில் என்றால் ஈ.சி. காமிக்ஸ். தந்தை மாக்ஸ் கெய்ன்ஸ் 1947-ல் படகு விபத்தில் இறந்ததால், விருப்பமே இல்லாமல் நிறுவனத்தை ஏற்ற மகன் வில்லியம் கெய்ன்ஸ், ஆல் ஃபெல்ட்ஸ்டைன் என்ற எழுத்தாளரோடு சேர்ந்து 1950-ல் மூன்று திகில் இதழ்களைத் தொடங்கினார். 'டேல்ஸ் ஃப்ரம் த கிரிப்ட்', 'த வால்ட் ஆஃப் ஹாரர்', 'த ஹான்ட் ஆஃப் ஃபியர்'. ஒவ்வொன்றுக்கும் கதை சொல்ல ஒரு கோர உருவம். கிழவன் இரண்டு பேர், சூனியக்காரி ஒருத்தி. பாட்டி கதை சொல்வதுபோல் நம்மைக் கூப்பிட்டு உட்கார வைத்து, ரத்தம் உறையும் கதையைச் சொல்லிவிட்டுச் சிரிப்பார்கள்.

ஒரு கதையைச் சொல்கிறேன். 1952-ல் வந்தது. படம் கிரஹாம் இங்கெல்ஸ். ஓர் ஏழைக் கிழவர். தெருப் பிள்ளைகளுக்கு உடைந்த பொம்மைகளைச் சரிசெய்து கொடுப்பவர், நாய்களை நேசிப்பவர். எதிர்வீட்டுப் பணக்காரர்களுக்கு அவர் தெருவுக்கே அசிங்கமாகத் தெரிகிறார். ஒவ்வொன்றாகப் பறிக்கிறார்கள். கடைசியில் காதலர் தினத்தன்று ஊரார் அனுப்பியதுபோல் வசைச் சொற்கள் நிறைந்த வாழ்த்து அட்டைகளைக் கட்டுக்கட்டாக அனுப்புகிறார்கள். மனம் உடைந்து அவர் தூக்கில் தொங்குகிறார். சரியாக ஓர் ஆண்டு கழித்து, அதே நாளில், கல்லறை திறக்கிறது. மறுநாள் அந்தப் பணக்கார வீட்டில் ஒரு வாழ்த்து அட்டை கிடக்கிறது. அதற்குள் சுற்றி வைத்திருப்பது ஓர் இதயம். அவர்களில் ஒருவருடைய இதயம்தான்.

கோரம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கோரத்தின் அடியில் ஒரு நியாயம் ஓடுகிறது. வஞ்சிக்கப்பட்டவன் செத்தாலும் கணக்குத் தீர்க்காமல் போகமாட்டான். பழையனூர் நீலியின் கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இந்த நியாயத்தையே பகலில், வண்ண உடை போட்டுக்கொண்டு செய்கிறவன் சூப்பர் ஹீரோ. இரவில், மண் ஒட்டிய கையோடு செய்கிறவன் ஈ.சி.யின் பிணம்.

ஈ.சி.யின் சாதனை திகிலோடு நிற்கவில்லை. 1955-ல் பெர்னார்ட் கிரிக்ஸ்டைன் வரைந்த 'மாஸ்டர் ரேஸ்' என்ற எட்டுப் பக்கக் கதையை நான் இருபது தடவையாவது பார்த்திருப்பேன். அவருக்குக் கொடுத்தது ஆறு பக்கக் கதை. ஆறு போதாது என்று போராடி எட்டு வாங்கினார். நியூயார்க் சுரங்க ரயிலில் ஒருவன் ஏறி உட்கார்கிறான். எதிரே கறுப்பு உடையில் இன்னொருவன் வருகிறான். முதலாமவன் முகம் வெளிறுகிறது. வதைமுகாம் நினைவுகள் விரிகின்றன. நாம் அவனை முகாமில் தப்பிப் பிழைத்தவன் என்றே நினைத்துப் பரிதாபப்பட்டுக்கொண்டு வருகிறோம். பிறகு தெரிகிறது, அவன்தான் அந்த முகாமின் தளபதி. எழுந்து ஓடுகிறான், தடுமாறி எதிரே வரும் ரயிலின் முன் விழுகிறான். அந்த ரயில் கடக்கும் இடத்தைப் பாருங்கள். கட்டங்கள் கீற்றுக் கீற்றாக வெட்டப்பட்டிருக்கும். சன்னலில் தெரியும் பயணிகளின் முகங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நடுங்கிக்கொண்டு ஓடும். காகிதத்தில் அசையாமல் கிடக்கும் கோட்டுக்குள் ரயிலின் வேகத்தை இப்படிக் கொண்டுவர முடியும் என்று அதற்கு முன் நான் நினைத்ததில்லை. யூத இனப் படுகொலையைப் பற்றி அமெரிக்கச் சிறுவர்களிடம் அதிகம் பேசாத காலம் அது. பத்து சென்ட் புத்தகம் பேசியது.

ஆனால் அந்த நேரத்தில் ஈ.சி.யின் கழுத்தில் கத்தி இறங்கியாகிவிட்டது.

1948-லேயே அமெரிக்காவில் காமிக்ஸைக் கூட்டிவைத்துக் கொளுத்தத் தொடங்கிவிட்டார்கள். மேற்கு வர்ஜீனியாவின் ஸ்பென்சரில், நியூயார்க் மாநிலத்தின் பிங்ஹாம்டனில், பள்ளிப் பிள்ளைகளின் கையாலேயே நெருப்பு வைத்தார்கள். 1954-ல் மனநல மருத்துவர் ஃபிரெட்ரிக் வெர்தம் ஒரு புத்தகம் எழுதினார். பிள்ளைகள் குற்றவாளிகளாவதற்குக் காமிக்ஸ் காரணம் என்றார். திகிலோடு நிற்காமல் சூப்பர்மேன், பேட்மேன், வொண்டர் உமன் எல்லோரையும் கூண்டில் ஏற்றினார். அதே ஆண்டு ஏப்ரல் 21-ஆம் தேதி நியூயார்க்கில் செனட் துணைக்குழுவின் விசாரணை. கெய்ன்ஸ் தாமாகவே முன்வந்து சாட்சி சொன்னார். ஒரு கையில் ரத்தம் சொட்டும் கோடரி, மறு கையில் பெண்ணின் வெட்டுண்ட தலை. இப்படி ஓர் அட்டையைத் தூக்கிக் காட்டி, இது நல்ல ரசனைக்கு ஏற்றதா என்று கேட்டார் செனட்டர் கெஃபாவர். திகில் இதழின் அட்டைக்கு ஏற்றதே என்றார் கெய்ன்ஸ். தலையை இன்னும் சற்று உயர்த்திப் பிடித்து, வெட்டுவாயில் ரத்தம் சொட்டுவதுபோல் காட்டியிருந்தால்தான் ரசனைக்கேடு என்று விளக்கமும் கொடுத்தார். நேர்மையான பதில். அந்த நேர்மையே அவரை முடித்தது. மறுநாள் செய்தித்தாள்கள் அதைப் பிடித்துக்கொண்டன.

அக்டோபரில் பதிப்பாளர்கள் சேர்ந்து தமக்குத் தாமே ஒரு தணிக்கை விதியை எழுதிக்கொண்டார்கள். காமிக்ஸ் கோட். இதழின் பெயரில் 'ஹாரர்', 'டெரர்' என்ற சொற்களே வரக்கூடாது. ரத்தக் காட்டேரி, ஓநாய் மனிதன், நடமாடும் பிணம் எதுவும் கூடாது. ஈ.சி.யின் மூன்று திகில் இதழ்களும் மூடப்பட்டன.

அவற்றை மூடத்தானே வேண்டும் என்று உங்களில் சிலருக்குத் தோன்றலாம். பிள்ளை பெற்றவர்களுக்கு அந்தக் கவலை இயல்பானது, அதை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த விதி யார் கையில் எப்படிப் பயன்பட்டது என்று பாருங்கள். 1953-ல் ஈ.சி. வெளியிட்ட விண்வெளிக் கதை ஒன்று. எந்திர மனிதர்கள் மட்டும் வாழும் ஒரு கிரகம். அங்கே ஆரஞ்சு நிற எந்திரங்கள் மேல், நீல நிற எந்திரங்கள் கீழ். உள்ளே இருக்கும் பாகங்கள் இரண்டுக்கும் ஒன்றுதான், மேலுறையின் நிறம் மட்டும் வேறு. பூமியிலிருந்து வந்த அதிகாரி எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்துவிட்டு, உலகங்களின் குடியரசில் சேர உங்களுக்கு இன்னும் தகுதி வரவில்லை என்று சொல்லிப் புறப்படுகிறார். கடைசிக் கட்டத்தில் தலைக்கவசத்தைக் கழற்றுகிறார். அவர் ஒரு கறுப்பர். முகத்தில் வியர்வைத் துளிகள் நட்சத்திரங்களைப்போல் மின்னுகின்றன. 1956-ல் இதை மறுபடி வெளியிட அனுப்பியபோது தணிக்கை நிர்வாகி, அந்த மனிதர் கறுப்பராக இருக்கக்கூடாது என்றார். வழக்குப் போடுவேன், ஊருக்கெல்லாம் சொல்வேன் என்று கெய்ன்ஸ் எதிர்த்து நின்றார். அப்படியானால் வியர்வையையாவது எடுங்கள் என்றார் நிர்வாகி. ஒரு துளியையும் எடுக்காமல் அச்சடித்தார் கெய்ன்ஸ். ஈ.சி. வெளியிட்ட கடைசிக் காமிக்ஸ் இதழ் அதுவே. பிள்ளைகளைக் காக்க வந்த விதி, பிள்ளைகள் பார்க்கக்கூடாது என்று நினைத்தது ஒரு கறுப்பரின் முகத்தை.

எனக்கும் ஓர் அனுபவம் உண்டு. ஏழாம் வகுப்பில் ஓர் ஆசிரியர் என் பையிலிருந்து மாயாவி புத்தகத்தை எடுத்து, வகுப்பின் முன்னால் நான்காகக் கிழித்தார். அது இரவல் புத்தகம். அண்ணாச்சிக்குக் காசு கொடுக்க இரண்டு மாதம் மாலைக் காபிக்காசைச் சேர்த்தேன். அவர் கிழித்ததைவிட, உள்ளே ஒரு பக்கத்தைக்கூடப் பார்க்காமல் கிழித்ததே எனக்கு இன்றும் வலிக்கிறது.

சரி, அன்று பிரிட்டனில் என்ன நடந்தது? 1954 செப்டம்பர். கிளாஸ்கோ நகரின் கோர்பல்ஸ் பகுதியில் ஒரு பெரிய கல்லறைத் தோட்டம். ஒரு மாலை நூற்றுக்கணக்கான பிள்ளைகள் கத்தியும் கூர்த்தடியும் எடுத்துக்கொண்டு அதற்குள் புகுந்தார்கள். சிலருக்கு நான்கைந்து வயதுதான். இரும்புப் பல் கொண்ட, ஏழடி உயர ரத்தக் காட்டேரி இரண்டு சிறுவர்களைத் தின்றுவிட்டது, அதைக் கொல்ல வந்திருக்கிறோம் என்றார்கள். காவலரும் தலைமையாசிரியரும் வந்து எவ்வளவோ சொல்லியும் அடுத்தடுத்த இரவும் வந்தார்கள். காணாமல்போன சிறுவர் யாரும் இல்லை. உடனே பழி அமெரிக்கத் திகில் காமிக்ஸ்மேல் விழுந்தது. இரும்புப் பல் காட்டேரி எந்தக் காமிக்ஸில் வந்தது என்று பின்னால் ஆய்வாளர்கள் தேடிப் பார்த்தார்கள், அகப்படவில்லை. இரும்புப் பல் கொண்ட மிருகம் பைபிளில் தானியேல் ஆகமத்தில் உண்டு. பள்ளியில் சொல்லிக்கொடுத்த ஸ்காட்டியப் பாட்டு ஒன்றிலும் இரும்புப் பல் கிழவி வருகிறாள். இருந்தும் 1955-ல் திகில் காமிக்ஸைத் தடுக்கச் சட்டம் வந்தது.

கோர்பல்ஸ் பிள்ளைகளை நினைத்தால் எனக்குப் பெருமையாக இருக்கிறது. பயந்து போர்வைக்குள் ஒளியவில்லை பாருங்கள். பயமுறுத்தியதைத் தேடித் தடி எடுத்துக்கொண்டு கூட்டமாகக் கிளம்பினார்கள். திகில் கதை கேட்ட பிள்ளை அங்கேயே சூப்பர் ஹீரோ ஆகிவிடுகிறது.

திகிலுக்குத் தடை வந்ததும் அது செத்ததா? வேடம் மாறியது. பிரிட்டனில் ஏழு ஆண்டு கழித்து, இரும்புப் பல்லுக்குப் பதில் இரும்புக் கையோடு நாயகனாக வந்தது. அமெரிக்காவிலும் அதுவே. பூதங்களை வரைந்துகொண்டிருந்த ஜாக் கிர்பி, ஸ்டான் லீயோடு சேர்ந்து 1961-ல் 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' தொடங்கினார். முதல் அட்டையைப் பாருங்கள், மண்ணைப் பிளந்துகொண்டு ஒரு பூதம் வருகிறது. நாயகர்களில் ஒருவனே பாறை உடம்புப் பூதம். மறு ஆண்டு ஹல்க், அவனோ ராத்திரியானால் மாறுகிற அசுரன். கோட் கதவை அடைத்தது, பூதங்கள் சூப்பர் ஹீரோ வீட்டு வாசல் வழியாக உள்ளே வந்துவிட்டன.

இனி ரசிகர்களுக்கு வருகிறேன். என் மனத்துக்கு மிகவும் நெருக்கமான பகுதி இது.

1953-ல் ஈ.சி. ஒரு ரசிகர் மன்றம் தொடங்கியது. அதே காலத்தில் ரசிகர்கள் தாங்களே இதழ்கள் போட்டார்கள். செனட் விசாரணையின்போது கெய்ன்ஸ் தம் வாசகர்களிடம், துணைக்குழுவுக்குக் கடிதம் எழுதுங்கள் என்று கேட்டுக்கொண்டார். சிறுவர்கள் எழுதினார்கள். சட்டசபை எது, துணைக்குழு எது என்று தெரியாத வயதில், எங்கள் கதையை எங்களிடமிருந்து எடுக்காதீர்கள் என்று பென்சிலைப் பிடித்தார்கள். அவர்கள் தோற்றார்கள். ஆனால் புத்தகத்தை விடவில்லை. 1961 மார்ச்சில் டெட்ராய்டில் ஜெர்ரி பெய்ல்ஸ் என்ற கல்லூரி ஆசிரியர், மறந்துபோன பழைய சூப்பர் ஹீரோக்களுக்காக 'ஆல்டர் ஈகோ' என்ற ரசிகர் இதழைப் படி எடுத்து அனுப்பினார். துணைநின்ற ராய் தாமஸ் பிறகு மார்வெலின் தலைமை ஆசிரியரே ஆனார். வாசகர் கடிதப் பக்கத்தில் முழு முகவரியோடு பெயர்களை அச்சிட்டபோது, ஓர் ஊரில் தனியாக இருந்த பையன் இன்னொரு ஊரில் தன்னைப்போல் ஒருவன் இருப்பதைக் கண்டுகொண்டான். அஞ்சல்காரர் சுமந்த உறவு அது.

1971-ல் கோட் தளர்ந்தது. போதைப்பொருளின் தீமையைச் சொன்ன ஸ்பைடர்மேன் கதைக்குத் தணிக்கை முத்திரை மறுக்கப்பட, முத்திரை இல்லாமலே வெளியிட்டார் ஸ்டான் லீ. வானம் இடிந்து விழவில்லை. விதி திருத்தப்பட்டது, ரத்தக் காட்டேரிகள் திரும்பி வந்தன. மார்வ் வுல்ஃப்மேன் எழுத, ஜீன் கோலன் வரைந்த 'டூம் ஆஃப் டிராகுலா'வில் 1973-ல் பிளேடு பிறந்தான். வுல்ஃப்மேன் என்றால் ஓநாய் மனிதன் என்று பொருள். அதற்குமுன் ஒரு கதையில் அந்தப் பெயரைக் கண்டு தணிக்கையாளர்கள் தடுக்க, அது எழுதியவரின் சொந்தப் பெயர் என்று விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. சதுப்பு நிலத்திலிருந்து எழுந்த 'ஸ்வாம்ப் திங்', லென் வெய்னும் பெர்னி ரைட்சனும் படைத்தது, அதே 1971-ல் வந்தது. 1984-ல் ஆலன் மூர் கைக்குப் போனபின் அது திகிலா சூப்பர் ஹீரோவா என்று பிரித்துச் சொல்லவே முடியாத உயரத்துக்குப் போனது. தான் செடியாகிவிட்ட மனிதன் என்று நம்பிக்கொண்டிருந்தவன், தான் மனிதனாக ஒருபோதும் இருந்ததே இல்லை, இறந்துபோன ஒருவனின் நினைவைக் குடித்த செடிதான் என்று தெரிந்துகொள்ளும் கதையை என்னால் ஒரே மூச்சில் படிக்க முடியவில்லை. கீழே வைத்துவிட்டு மொட்டை மாடியில் கொஞ்ச நேரம் நடந்தேன்.

வெர்தம்? அவரைப் பற்றியும் நியாயமாகச் சொல்ல வேண்டும். அவர் ஹார்லெமில் கறுப்பின ஏழைகளுக்காக மனநல மருத்துவமனை நடத்தியவர். பள்ளிகளில் நிறப் பிரிவினை ஒழிய அவர் ஆய்வும் துணைநின்றது. ஆனால் அவர் ஆவணங்களை ஆராய்ந்த பேராசிரியை கரோல் டில்லி, அவர் தம் கட்சிக்கு ஏற்றபடி பிள்ளைகளின் வாக்குமூலங்களைத் திருத்தியும் கலந்தும் எழுதியதை வெளிப்படுத்தினார். இதே வெர்தம் 1973-ல் ஒரு புத்தகம் எழுதினார். எதைப் பற்றி? ரசிகர் இதழ்களைப் பற்றி. பணத்துக்காக அன்றி அன்புக்காக எழுதுகிறவர்களின் ஆரோக்கியமான முயற்சி என்று பாராட்டி. காமிக்ஸ் பிள்ளைகளைக் கெடுக்கும் என்றவர், காமிக்ஸ் படித்து வளர்ந்த பிள்ளைகளைப் பார்த்துத் தலைவணங்கினார். ரசிகர்களுக்கு இதைவிடப் பெரிய நற்சான்று எனக்குத் தெரிந்து இல்லை.

கெய்ன்ஸ் ஒரு பெரிய காரியம் செய்தார். மற்ற பதிப்பகங்கள் அச்சானதும் மூல ஓவியங்களைக் குப்பையில் எறிந்த காலத்தில், அவர் எல்லாவற்றையும் பூட்டிப் பாதுகாத்தார். ரசிகர் ஒருவரின் முயற்சியால் பின்னாளில் முழுத் தொகுப்பாக அவை அச்சேறின. இன்று நாம் கிரிக்ஸ்டைனின் கோட்டைத் தெளிவாகப் பார்ப்பது அதனால்தான்.

சீகலிடம் வருகிறேன் என்றேன் அல்லவா?

1984-ல் எனக்குப் பதினான்கு வயது. சிவகாசியிலிருந்து லயன் காமிக்ஸ் தொடங்கியது. அதில் வந்தான் ஸ்பைடர். அமெரிக்க ஸ்பைடர்மேன் இல்லை, இவன் வேறு. நெடிய கூர்க்காது, கறுப்பு உடை, வலைத் துப்பாக்கி, உதவிக்கு ஆர்டினியும் பெல்ஹாமும். உலகக் குற்றவாளிகளுக்கெல்லாம் தலைவனாக வேண்டும் என்று கிளம்பி, பிறகு குற்றத்தை எதிர்த்தவன். மாயாவியைப்போல் இவனும் கெட்டவனாகத்தான் பிறந்தான். இவனுக்காகப் பசியை மறந்த பையன்களில் நானும் ஒருவன். 1986-ல் அதே பதிப்பகத்திலிருந்து 'திகில் காமிக்ஸ்' என்றே ஓர் இதழ் வந்தது. அதில் பேட்மேனும் வந்தான். திகிலும் சூப்பர் ஹீரோவும் வேறு வேறு இல்லை என்று சிவகாசிக்குத் தெரிந்திருந்தது.

பல ஆண்டுகள் கழித்தே எனக்கு ஓர் உண்மை தெரியவந்தது. ஸ்பைடர் 1965-ல் பிரிட்டனின் 'லயன்' வார இதழில் டெட் கோவன் எழுத்தில், ரெக் பன் ஓவியத்தில் தொடங்கியவன். அடுத்த ஆண்டிலிருந்து பெரும்பாலான கதைகளை எழுதியவர் ஜெர்ரி சீகல். சூப்பர்மேன் உரிமைக்காகப் பதிப்பகத்தோடு வழக்காடி, அமெரிக்காவில் வேலை கிடைக்காமல், கடல் கடந்து பெயர் போடாத பத்திரிகைக்கு எழுதிக்கொண்டிருந்தார். மொட்டைத் தலை வில்லனை 1933-ல் படைத்த அதே கைதான், முப்பது ஆண்டு கழித்து இன்னொரு வில்லனை நாயகனாக்கியது. நான் வாங்கிய ஸ்பைடர் புத்தகம் எதிலும் அவர் பெயர் இல்லை. கோவில்பட்டியில் ஒரு பையன் சூப்பர்மேனைப் படைத்தவரின் எழுத்தைப் படித்துத் தூக்கம் தொலைத்தது அவருக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது.

1975-ல் சீகல் தம் நிலையை ஊரறியச் சொன்னார். ஓவியர்களும் எழுத்தாளர்களும் ரசிகர்களும் பக்கம் நின்றார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் சீகலுக்கும் ஷஸ்டருக்கும் ஆண்டுக்கு 20,000 டாலர் ஓய்வூதியமும், சூப்பர்மேன் கதைகளில் இருவர் பெயரும் வரும் உரிமையும் கிடைத்தன. சீகல் 1996-ல் காலமானார்.

உங்களிடம் எனக்கு ஒரு விண்ணப்பம் இருக்கிறது. உங்கள் வீட்டுப் பரணிலோ, ஊரில் தாத்தா பாட்டி வீட்டு மரப்பெட்டியிலோ பழைய காமிக்ஸ் புத்தகங்கள் கிடக்கலாம். அட்டை கிழிந்திருக்கும், கறையான் ஓரத்தைத் தின்றிருக்கும். எடைக்குப் போட்டுவிடாதீர்கள். ஒரு மேலுறையில் போட்டு எடுத்து வையுங்கள். அதை வரைந்தவர் யார், எழுதியவர் யார் என்று தேடிக் கண்டுபிடித்து, முதல் பக்கத்தில் பென்சிலால் எழுதி வையுங்கள். மாயாவி புத்தகம் என்றால் பிளாஸ்கோ என்று எழுதுங்கள். ஸ்பைடர் புத்தகம் என்றால் ரெக் பன், ஜெர்ரி சீகல் என்று எழுதுங்கள்.